நியூ ஸ்வீடன்: கப்பலுக்குக் காத்திருந்தவர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் முதலில் குடியேறியது யார் என்று கேட்டால் ஆங்கிலேயர், டச்சுக்காரர், ஸ்பானியர், பிரெஞ்சுக்காரர் என்று அடுக்கிவிடுவோம். ஸ்வீடன் யாருக்கும் ஞாபகம் வராது. அந்த நாட்டுக்கும் அங்கே ஒரு குடியேற்றம் இருந்தது, பதினேழே ஆண்டுகள் இருந்தது. அதைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தக் குடியேற்றம் எங்கே இருந்தது?

டெலவேர் ஆற்றின் இரு கரைகளிலும். இன்றைய கணக்கில் டெலவேர், பென்சில்வேனியா, நியூ ஜெர்சி மாநிலங்களின் சில பகுதிகள். முதல் கோட்டை எழுந்த இடம் இன்றைய வில்மிங்டன் நகரம். 1638 முதல் 1655 வரை இதற்கு நியூ ஸ்வீடன் என்று பெயர்.

வைக்கிங்குகள் அதற்கு முன்பே போய்விட்டார்களே?

போனார்கள், ஆனால் அவர்கள் வேறு ஆட்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டி இருந்தவர்கள் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து பக்கத்து நார்ஸ் மக்கள். மினசோட்டாவில் 1898இல் ஒரு ஸ்வீடன்காரரின் நிலத்தில் கிடைத்த கென்சிங்டன் கல்வெட்டை ஆதாரமாகக் காட்டுபவர்கள் இன்றும் உண்டு. அது பிற்காலத்தில் யாரோ செதுக்கியது என்பதுதான் பெரும்பாலான மொழி அறிஞர்களின் முடிவு. ஆக, வைக்கிங் கொம்புத் தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு (அந்தக் கொம்பே கட்டுக்கதை, அது தனிக் கதை) 1638க்கு வாருங்கள்.

ஸ்வீடன் எதற்காக அவ்வளவு தூரம் போனது?

பணத்துக்காகத்தான். அப்போது ஸ்வீடன் ஐரோப்பாவின் வல்லரசுகளில் ஒன்று, முப்பதாண்டுப் போரில் கழுத்து வரை மூழ்கியிருந்த நாடு. அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் 1632இல் போர்க்களத்தில் செத்துப்போனார். மகள் கிறிஸ்டினா சிறுமி, ஆட்சி நடத்தியவர் தலைமை அமைச்சர் ஆக்செல் ஆக்சென்ஷெர்னா. புகையிலையும் பீவர் தோலும் அந்நாளில் நல்ல விலைக்குப் போன சரக்கு. பீவர் என்பது ஆற்றில் மரம் கடித்து அணை கட்டும் விலங்கு, அதன் ரோமத்தில்தான் ஐரோப்பியக் கனவான்களின் தொப்பி செய்வார்கள். இந்த இரண்டையும் டச்சுக்காரரிடம் வாங்காமல் நாமே கொண்டுவரலாமே என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனியில் ஏறக்குறைய பாதிப் பணம் டச்சு வியாபாரிகளுடையது. தங்கள் ஊர்க் கம்பெனியோடு மனக்கசப்பு கொண்டவர்கள் சிலர் ஸ்வீடன் பக்கம் வந்து சேர்ந்திருந்தார்கள். முதல் பயணத்துக்குத் தலைவராகப் போன பீட்டர் மினுவிட் யார் தெரியுமா? 1626இல் மன்ஹாட்டன் தீவை 60 கில்டர் பெறுமான சரக்குக்கு வாங்கியதாகச் சொல்கிறார்களே, அதே ஆள். டச்சுக் கம்பெனி வேலையிலிருந்து நீக்கப்பட்ட கோபத்தில் எதிர் முகாமுக்கு வந்தவர். டெலவேர் ஆற்றில் எந்த இடத்தில் டச்சுக் கோட்டை இருக்கிறது, எந்த இடம் காலி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

கப்பல்கள் ஏன் எப்போதும் கோதன்பர்கிலிருந்தே கிளம்பின?

வேறு வழி இல்லை. பால்டிக் கடலிலிருந்து வெளியே வரும் ஜலசந்தியின் கதவு டென்மார்க் கையில். மேற்குக் கடலைப் பார்த்து ஸ்வீடனுக்கு இருந்த ஜன்னல் கோதன்பர்க் ஒன்றுதான். 1621இல் தொடங்கிய ஊர், அந்நாளில் புத்தம் புதிது. அதே துறைமுகத்திலிருந்து நூறு ஆண்டு கழித்து ஸ்வீடனின் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று நம் பரங்கிப்பேட்டைக்கே வந்தது. 1733இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒன்றாகச் சேர்ந்து அவர்களுடைய கிடங்கைத் தாக்கிச் சரக்கை வாரிக்கொண்டார்கள். போட்டி என்று வந்தால் மூன்றாமவனை விரட்ட இரண்டு பகையாளிகள் கைகோத்துக்கொள்வது புதிதல்ல.

முதலில் போன கப்பல்கள் எவை?

இரண்டு. கல்மார் நிக்கெல், ஃபோகல் கிரிப். முதலாவதற்குக் கல்மாரின் சாவி என்று பொருள், கல்மார் என்பது ஒரு கோட்டை நகரம். இரண்டாவது, கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட புராணப் பறவையின் பெயர்.

கல்மார் நிக்கெல் பிறந்ததே ஆம்ஸ்டர்டாமில். 1629இல் கல்மார், யோன்ஷோப்பிங் என்ற இரண்டு நகரங்கள் வரிப்பணத்தில் அதை வாங்கிக் கடற்படைக்குக் கொடுத்தன. மூன்று பாய்மரம், பக்கவாட்டில் பீரங்கிகள், சரக்கும் ஏற்றலாம் சண்டையும் போடலாம். முதல் பயணத்தின் மாலுமிகளில் பாதிப் பேர் டச்சுக்காரர்கள். 1637 நவம்பரில் கோதன்பர்கை விட்டுக் கிளம்பி வட கடலுக்குள் நுழைந்ததுமே புயல். இரண்டு கப்பல்களும் பிரிந்து, அடிபட்டு, ஒழுகிக்கொண்டு, டச்சுத் தீவான டெக்ஸெலில் போய் ஒதுங்கின. அங்கே பழுது பார்த்து ஆண்டின் கடைசி நாள் மறுபடி பாய் விரித்து, 1638 மார்ச்சில் டெலவேருக்குள் நுழைந்தார்கள். அந்த ஆற்றில் வந்து கலக்கும் ஒரு துணையாற்றுக்குள் கொஞ்ச தூரம் போனால் கரையோரம் இயற்கையாகவே பாறைத் திட்டு ஒன்று படித்துறை மாதிரி நீண்டிருந்தது. அதில் கப்பலை அணைத்துக் கட்டினார்கள். பின்னால் எழுந்த கோட்டைக்கும் அந்தத் துணையாற்றுக்கும் கிறிஸ்டினா என்று பெயர் வைத்தார்கள். அரசிக்கு அப்போது வயது 11.

கல்மார் நிக்கெல் மொத்தம் நான்கு முறை போய்த் திரும்பியது. அந்தக் காலக் குடியேற்றக் கப்பல் ஒன்றுக்கு இது சாதாரணக் கணக்கு இல்லை, பல கப்பல்கள் ஒரு தடவை போனதோடு சரி.

நிலத்தை வாங்கினார்களா, பிடுங்கினார்களா?

வாங்கினோம் என்று அவர்கள் சொன்னார்கள். 1638 மார்ச் 29 அன்று அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான லெனாபே மக்களின் தலைவர்கள் ஐந்து பேர், மட்டஹார்ன் உட்பட, கல்மார் நிக்கெல் கப்பலுக்கு வந்து பத்திரத்தில் தங்கள் குறியை இட்டார்கள். துணி, உலோகச் சாமான்கள் என்று பதிலுக்குக் கொடுத்தது சரக்கு. ஆனால் லெனாபேக்கள் தருவதாக நினைத்ததும் ஸ்வீடன்காரர் வாங்கியதாக நினைத்ததும் ஒன்றா என்றால், இல்லை என்பதே என் கருத்து. இருக்கவும் உழவும் இடம் தருவது ஒரு விஷயம், தலைமுறைக்கும் கைகழுவிவிடுவது வேறு விஷயம். ஒன்று மட்டும் நிச்சயம்: பக்கத்து ஆங்கிலேய, டச்சுக் குடியேற்றங்களில் நடந்தது போன்ற பெரிய சண்டை இங்கே இரு தரப்புக்கும் இடையில் நடக்கவில்லை. எண்ணிக்கையில் இவ்வளவு குறைவாக இருந்தவர்களுக்குச் சமாதானமாகப் போவதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை.

மினுவிட் அங்கேயே தங்கிவிட்டாரா?

இல்லை. கோட்டையில் இருபத்து சொச்சம் பேரை விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் கரீபியனில் செயின்ட் கிறிஸ்டோபர் தீவில் புகையிலை வாங்க நின்றார். பக்கத்தில் நின்ற ஒரு டச்சுக் கப்பலுக்கு விருந்தாளியாகப் போயிருந்த நேரத்தில் சூறாவளி அடித்து அந்தக் கப்பலைக் கடலுக்கு இழுத்துப் போனது. அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. தன் சொந்தக் கப்பலில் இருந்திருந்தால் தப்பித்திருப்பார், கல்மார் நிக்கெல் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது.

கடல் பயணம் எப்படி இருக்கும்?

வரைபடத்தில் கோதன்பர்குக்கும் டெலவேருக்கும் நேர்கோடு போட்டால் அது கப்பல் போன வழி ஆகாது. காற்று எங்கே தள்ளுகிறதோ அதுதான் வழி. ஆங்கிலக் கால்வாய் வழியாக இறங்கி, கேனரித் தீவுகள் வரை தெற்கே போய், அங்கே வீசும் வாணிபக் காற்றைப் பிடித்துக் கரீபியனுக்குக் குறுக்கே ஓடி, அப்புறம் அமெரிக்கக் கரையோரமாக வடக்கே ஏற வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மாதக்கணக்கு.

1654இல் ஓர்ன் என்ற கப்பல் போனதைப் பாருங்கள். ஓர்ன் என்றால் கழுகு. கோதன்பர்கில் கூட்டம் அலைமோதியது, சொத்தையெல்லாம் விற்றுவிட்டுப் பெண்டு பிள்ளைகளோடு வந்தவர்களில் நூறு பேருக்கு இடமில்லை என்று கரையிலேயே விட்டுவிட்டார்கள். ஏறியவர்கள் சுமார் 350 பேர். கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துப் படுத்து, கெட்டுப்போன தண்ணீரைக் குடித்து, வயிற்றுக்கடுப்பு பரவி, வழியிலேயே ஏறக்குறைய நூறு பேர் இறந்துபோனார்கள். போய்ச் சேர்ந்தவர்களிலும் நடக்கத் தெம்பில்லாதவர்கள் ஏராளம். கரையில் விடப்பட்டவர்கள் அழுதிருப்பார்கள், சில மாதம் கழித்துச் செய்தி வந்ததும் என்ன நினைத்திருப்பார்களோ.

அப்படியானால் வந்தவர்கள் எல்லாரும் கடலோடிகளா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். இல்லவே இல்லை. கடலோடிகள் கப்பலோடு வந்து கப்பலோடு திரும்பிவிடுவார்கள். தங்கியவர்கள் சிப்பாய்கள், உழவர்கள், தண்டனைக்குப் பதிலாக அனுப்பப்பட்டவர்கள், இவர்களோடு கணிசமான ஃபின்லாந்துக்காரர்கள். அந்நாளில் ஃபின்லாந்து ஸ்வீடன் ஆட்சியில் இருந்தது. வன ஃபின்கள் என்று ஒரு கூட்டம், காட்டை வெட்டிச் சாய்த்து, காய்ந்ததும் எரித்து, சாம்பலில் கம்பு விதைப்பது போல ரை தானியம் விதைத்துவிட்டு, மண் சளைத்ததும் அடுத்த காட்டுக்குப் போகிறவர்கள். ஸ்வீடனின் சுரங்கங்களுக்கு விறகுக்கரி தேவைப்பட்டதால் இப்படி எரிப்பதை அரசு தடை செய்தது. மீறிப் பிடிபட்டவர்களுக்கு அமெரிக்கக் கப்பல் காத்திருந்தது.

அங்கே போனால் கண்ணுக்கெட்டிய வரை காடு! அவர்களுக்கு அது தண்டனையாகவா இருந்திருக்கும்? கோடரி ஒன்றை வைத்துக்கொண்டு, ஆணி கூட இல்லாமல், உருட்டுக் கட்டைகளின் முனையில் காடி வெட்டி ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி வீடு கட்டத் தெரிந்தவர்கள். அமெரிக்கர்கள் தங்கள் தேசிய அடையாளமாகவே நினைக்கும் கட்டை வீடு இவர்களிடமிருந்து பரவியது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள், பின்னால் வந்த ஜெர்மானியர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஃபோகல் கிரிப் 1639இல் கரீபியனிலிருந்து அந்தோணி என்ற கறுப்பரை அடிமையாகக் கொண்டுவந்தது. 1644ஆம் ஆண்டு ஆவணத்தில் அவர் ஆளுநருக்காகப் புல் அறுப்பதாகவும் ஆளுநரின் சிறு பாய்ப்படகில் கூடப் போவதாகவும் இருக்கிறது. நியூ ஸ்வீடனில் வாழ்ந்தவர்களில் படகோட்டியாகப் பெயர் பதிந்தவர் என்று தேடினால் முதலில் கண்ணில் படுபவர் அவர்தான்.

பெரிய வயிற்று ஆளுநர் என்று சொல்கிறார்களே, அவர் யார்?

யூஹான் பிரின்ட்ஸ். 1643இல் ஃபாமா, ஸ்வான் என்ற இரு கப்பல்களில் வந்தார், வந்து சேரும் நேரத்தில் பனிப்புயல் அடித்து ஃபாமா பாய்மரத்தையும் பெரிய நங்கூரங்களையும் இழந்தது. ஆள் மலை மாதிரி, எடை நானூறு பவுண்டுக்கு மேல் என்பார்கள், லெனாபேக்கள் வைத்த பட்டப்பெயரும் அதற்கேற்றதே. டினிகம் தீவில் கோட்டையும் மாளிகையும் கட்டிக்கொண்டார். ஆற்றின் மறுகரையில் எல்ஃப்ஸ்போர்க் என்று இன்னொரு கோட்டை கட்டினார், அங்கே எதிரிகளை விடக் கொசு அதிகம். சிப்பாய்கள் அதற்குக் கொசுக்கோட்டை என்று பெயர் வைத்துவிட்டுக் கடைசியில் கைவிட்டார்கள்.

பத்து ஆண்டு அதட்டி உருட்டி ஆண்டார். 1653இல் குடியேறியவர்கள் 22 பேர் கையெழுத்திட்டு அவர்மேல் புகார் கொடுக்க, அதைக் கலகம் என்று சொல்லி ஒருவரைக் கொன்றே விட்டார். அதே ஆண்டு ஊருக்குத் திரும்பிப் போனார். அவரை நியாயப்படுத்தவில்லை, ஆனால் அவர் இருந்த நிலைமையையும் பார்க்க வேண்டும்: 1647இல் அவர் அனுப்பிய அறிக்கைப்படி மொத்தக் குடியேற்றத்திலும் இருந்தவர்கள் 183 பேர். ஊருக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார், ஆள் அனுப்புங்கள், சரக்கு அனுப்புங்கள் என்று.

ஊரிலிருந்து கப்பல் ஏன் வரவில்லை?

1648க்கும் 1654க்கும் நடுவில் ஆறு ஆண்டுகள் ஒரு கப்பல் கூட வந்து சேரவில்லை. போர், கஜானாவில் பணமின்மை, தலைநகரில் அக்கறையின்மை, எல்லாம் உண்டு. ஆனால் ஒரு கப்பல் கிளம்பியது. 1649இல் கட்டன், அதாவது பூனை. சுமார் 70 குடியேறிகளோடு போன அந்தக் கப்பல் புவெர்ட்டோ ரிக்கோ அருகே பாறையில் தரைதட்டியது. நல்ல தண்ணீர் இல்லாத ஒரு சின்னத் திட்டில் நாட்கணக்கில் கிடந்தார்கள். மீட்க வந்த ஸ்பானியர்கள் இவர்களைச் சிறைப்பிடித்துக்கொண்டு போனார்கள், கத்தோலிக்க நாட்டுக்காரர்களுக்கு லுத்தரன் சபையினர் என்றாலே ஆகாது. எப்படியோ ஒரு சிறு படகு கிடைத்துத் தப்பியவர்கள் சிலர் பிரெஞ்சுக்காரர் கையில் மாட்டிக்கொண்டு அதைவிட மோசமாக அடிபட்டார்கள். ஊர் திரும்பியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

இந்தப் பக்கம் டெலவேர்க் கரையில் இருந்தவர்களுக்கு இது எதுவுமே தெரியாது. துணி கிழிந்து, வெடிமருந்து தீர்ந்து, பீவர் தோல் கொண்டுவரும் சஸ்குவெஹனாக் மக்களுக்குக் கொடுக்கச் சரக்கு இல்லாமல், அந்த வியாபாரம் டச்சுக்காரர் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

தங்கச் சுறா வழி தவறிய கதை உண்மையா?

உண்மை. கப்பலின் பெயர் யில்லெனே ஹாய், தங்கச் சுறா. 1654இல் டெலவேருக்குப் போக வேண்டியது ஹட்சன் ஆற்று முகத்துக்குப் போய் நின்றது. அது எதிரியான டச்சுக்காரரின் நியூ ஆம்ஸ்டர்டாம் வாசல், இன்றைய நியூயார்க். அங்கிருந்த ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் கப்பலைச் சரக்கோடு எடுத்துக்கொண்டார்.

நியூ ஸ்வீடன் எப்படி முடிந்தது?

புது ஆளுநர் யூஹான் ரைசிங் 1654இல் ஓர்ன் கப்பலில் வந்த கையோடு, ஆற்றங்கரையில் டச்சுக்காரர் கட்டியிருந்த காசிமிர் கோட்டையைச் சண்டையில்லாமல் பிடித்தார். உள்ளே இருந்தவர்களிடம் வெடிமருந்து கிடையாது. சந்தோஷம் ஓராண்டு. 1655இல் ஸ்டைவசன்ட் ஏழு கப்பல்களோடும் சில நூறு சிப்பாய்களோடும் வந்து அந்தக் கோட்டையைத் திரும்பப் பிடித்து, கிறிஸ்டினா கோட்டையையும் வளைத்துக்கொண்டார். உள்ளே சுமார் முப்பது பேர். செப்டம்பரில் ரைசிங் சரணடைந்தார்.

அடுத்து நடந்தது யாரும் எதிர்பாராதது. ஸ்டைவசன்ட் இங்கே இருந்த சமயம் பார்த்து நியூ ஆம்ஸ்டர்டாமைப் பூர்வகுடிகள் தாக்கிய செய்தி வர, அவர் பதறிப்போய், கோட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நாம் நட்பாக இருப்போம் என்று ரைசிங்கிடம் திருப்பிக் கொடுக்க முன்வந்தார். ரைசிங் மறுத்துவிட்டுக் கப்பலேறினார். வீம்பா, விவேகமா தெரியாது. நான் வீம்பு என்பேன்.

மெர்குரியஸ் கப்பலை டச்சுக்காரர் ஏன் சுடவில்லை?

குடியேற்றம் கைமாறியது தெரியாமலே 1655 நவம்பரில் கோதன்பர்கிலிருந்து மெர்குரியஸ் கிளம்பிவிட்டது. 105 பயணிகள், பெரும்பாலும் ஃபின்கள். 1656 மார்ச்சில் வந்து சேர்ந்தால் கோட்டையில் டச்சுக் கொடி, இறங்கக் கூடாது என்று உத்தரவு. வாரக்கணக்கில் இழுபறி. கடைசியில் லெனாபேக்கள் தாங்களே கப்பலில் ஏறித் தளத்தில் நின்றுகொள்ள, மெர்குரியஸ் பாய் விரித்துக் கோட்டைப் பீரங்கிகளின் மூக்கு முன்னால் ஆற்றில் மேலே போனது. பூர்வகுடிகளைச் சுட்டால் என்ன ஆகும் என்று டச்சுக்காரருக்கு நன்றாகத் தெரியும், வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். குடியேறிகள் இறங்கினார்கள். இந்த மொத்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த கப்பல் பயணம் அந்தச் சில மைல்தான்.

அதற்குப் பிறகு அந்த மக்கள் என்ன ஆனார்கள்?

அங்கேயே இருந்தார்கள். டச்சுக்காரர் போய் 1664இல் ஆங்கிலேயர் வந்தார்கள், 1682இல் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் வந்தார். ஃபிலடெல்ஃபியா நகரம் அமைக்க அவருக்கு ஆற்றோர நிலம் தேவைப்பட்டபோது அது ஸ்வென்சன் சகோதரர்கள் கையில் இருந்தது, அவர்கள் பெயரில் அந்த ஊரில் இன்றும் ஒரு தெரு உண்டு. லெனாபேக்களோடு பேச பென்னுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த லாஸ்ஸே காக்கும் ஸ்வீடன் வழி வந்தவர். சுதந்திரப் பிரகடனத்தில் பென்சில்வேனியா சார்பில் கையெழுத்திட்ட ஜான் மார்ட்டன், நியூ ஸ்வீடனுக்கு வந்த ஒரு ஃபின் குடும்பத்தின் வாரிசு.

1693இல் அவர்கள் ஸ்வீடனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. பாதிரியார்கள் இல்லை, இரண்டு பேரை அனுப்புங்கள், கூடவே பைபிளும் ஞானோபதேச நூல்களும் குழந்தைகளுக்கு அரிச்சுவடியும் அனுப்புங்கள், விலை கொடுத்துவிடுகிறோம் என்கிறது. எழுதியவர் சார்லஸ் ஸ்பிரிங்கர். லண்டனில் படிக்கப் போன இடத்தில் ஆள் பிடிப்பவர்கள் அவரைத் தூக்கிக் கப்பலில் போட்டு வர்ஜீனியாவில் விற்றுவிட்டார்கள், ஐந்து ஆண்டு கொத்தடிமை. விடுதலையானதும் வடக்கே நம்ம ஊர்க்காரர்கள் இருக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு நடந்தே வந்து சேர்ந்தவர். அந்தக் கடிதத்துக்குப் பலன் கிடைத்தது. 1697இல் மூன்று பாதிரியார்கள் வந்தார்கள்.

ஃபிலடெல்ஃபியா தேவாலயத்தில் கப்பல் ஏன் தொங்குகிறது?

குளோரியா டெய் தேவாலயத்தைச் சொல்கிறீர்கள். 1700இல் முடிந்த செங்கல் கட்டடம். உள்ளே போய்த் தலையை நிமிர்த்தினால் கூரையிலிருந்து இரண்டு சிறு கப்பல்கள், பாய்மரம் கயிறு எல்லாவற்றோடும், கல்மார் நிக்கெலும் ஃபோகல் கிரிப்பும். கடலுக்குப் போனவர்களுக்காக நேர்ந்துகொண்டு தேவாலயத்தில் கப்பல் பொம்மை தொங்கவிடுவது ஸ்காண்டிநேவியக் கடலோர ஊர்களின் பழைய வழக்கம். உழவர்களும் விறகுவெட்டிகளும் வழிவந்த சபையில் இது தொங்குவது முரண் என்று முதலில் தோன்றும். கப்பல் வருமா வருமா என்று ஆற்றைப் பார்த்தே ஆயுள் கழித்தவர்களின் பிள்ளைகளுக்கு வேறு எது பொருத்தம்?

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரே ஸ்வீடன் வம்சம் என்கிறார்களே?

ஜான் ஹான்சனைச் சொல்கிறார்கள். அவர் 1781இல் கூட்டமைப்புக் காங்கிரசின் தலைவர், அது இன்றைய குடியரசுத் தலைவர் பதவி இல்லை. அவர் நியூ ஸ்வீடன் வம்சம் என்பதும் 19ஆம் நூற்றாண்டில் முளைத்த கதை, வம்சாவளி ஆய்வாளர்கள் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

மினசோட்டா, சிகாகோ ஸ்வீடன்காரர்கள் இவர்களின் வாரிசுகளா?

கிடையாது. அது 1840களுக்குப் பிந்திய அலை, பத்து லட்சத்துக்கும் மேல் வந்த வறுமைக் குடியேற்றம். கடல் என்று பேசினால் அந்த நூற்றாண்டில் ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்: ஜான் எரிக்சன், வன ஃபின்கள் கிளம்பிய அதே வார்ம்லாந்துப் பகுதியில் 1803இல் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் 1862 மார்ச் 9 அன்று தென்மாநில இரும்புக் கப்பலை எதிர்த்து நின்ற மானிட்டர் அவர் வடிவமைத்தது. அதன் சுழல் கோபுரத்துக்குள் இருந்த இரண்டு பீரங்கிகளை உருவாக்கியவர் ஜான் டால்கிரன். அவருடைய அப்பா ஃபிலடெல்ஃபியாவில் ஸ்வீடன் நாட்டின் கான்சலாக, அதாவது துணைத் தூதராக இருந்தவர்.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

வில்மிங்டனில் பழைய பாறைத் திட்டின் மிச்சம், அதன் பக்கத்தில் 1938இல் ஸ்வீடன் மக்கள் கொடுத்த கறுங்கல் தூண், உச்சியில் கப்பல், செதுக்கியவர் கார்ல் மில்லெஸ். நடந்து போகும் தூரத்தில் 1699இல் முடிந்த பழைய ஸ்வீடர் தேவாலயம்.

அப்புறம் கல்மார் நிக்கெல். அசல் கப்பலை 1651இல் கடற்படை விற்றுவிட்டது, அடுத்த ஆண்டே டச்சுக்காரர்களிடம் வேலை செய்கையில் ஸ்காட்லாந்துப் பக்கம் மூழ்கியது. இப்போது இருப்பது அதே மாதிரியில் வில்மிங்டனில் கட்டி 1997இல் தண்ணீரில் இறக்கிய கப்பல். நீலமும் மஞ்சளும் பூசிய உடல், முனைக் கொம்பிலிருந்து பின்புறம் வரை 141 அடி. கயிறு இழுப்பது முதல் பாய் சுருட்டுவது வரை பெரும்பாலும் தொண்டர்கள்தான், பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். கோடையில் பயணிகளையும் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்குகிறது. கால அட்டவணை போட்டு, சொன்ன நேரத்துக்கு வருகிறது.